பெருமூச்சுக்கு ஒரு பொத்தான்

பெருமூச்சு நெஞ்சிலிருந்து கிளம்பும்போதே வலது கட்டைவிரலும் கிளம்பிவிடும். மேசைமேல் இருக்கும் சின்னப் பெட்டியில் ஒரு பொத்தான். ஒரு தடவை அழுத்தினால் இந்தப் பக்கத்துச் சத்தம் அடைபடும். மறுபடி அழுத்தினால் திறக்கும். விரல் போய் அழுத்தும், மூச்சு சாவகாசமாக வெளியே வரும், விரல் மறுபடி அழுத்தும். "சொல்லுங்க சார், கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று குரல் வெண்ணெயாக இறங்கும். எதிர்முனையில் கத்திக்கொண்டிருப்பவருக்கு நடுவில் அப்படி ஒன்று வந்துபோனதே தெரியாது.

வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் விற்கிற ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவருக்கு உத்தியோகம். காதில் ஹெட்போன், வாய்க்கு முன்னால் ஈர்க்குச்சி மாதிரி ஒரு மைக், நாற்காலியில் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட தலையணை, கைக்கு எட்டும் தூரத்தில் ஃபிளாஸ்க்கில் வெந்நீர். தலைமுடி நரைத்துவிட்டது, குரல் மட்டும் வேலைக்குச் சேர்ந்த வயதிலேயே நின்றுவிட்டது. நேரில் பார்க்கிறவர்கள், "நீங்களா அது, குரலைக் கேட்டுச் சின்னப் பையன்னு நெனச்சேன்" என்பார்கள். அதில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லாமல் அவருக்குப் பேச்சே தொடங்காது. வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டாலும் ஒரு நிமிஷம்தான், கல்யாண வீட்டில் படம் எடுக்க நிறுத்தினாலும் ஒரு நிமிஷம்தான். அவருடைய அக்கா பிள்ளைகள் நாலு பேரும் அவரை "ஒருநிமிஷம் மாமா" என்றே கூப்பிட்டு வளர்ந்தார்கள். அந்த நாலில் மூன்றாவது பெண் கொஞ்ச நாள் இதே கம்பெனியில் வேலை பார்த்தாள். அவள் கல்யாணமாகிப் போய்விட்டாள், அவள் கொண்டுவந்த பட்டப்பெயர் போகவில்லை. இன்றைக்குக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து எல்லாரையும் மேய்க்கிற குழுத் தலைவி, அந்தப் பெண்ணின் தோழி. பள்ளிக்கூட நாளிலேயே இவர் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனவள். அலுவலகத்தில் அவர் அவளை "மேடம்" என்பார், அவள் அவரை "மாமா" என்பாள். யார் யாருக்கு அதிகாரி என்று புதிதாக வருகிறவர்களுக்குப் புரிய ஒரு மாதம் ஆகும்.

வருகிற அழைப்புகளைச் சொல்லி மாளாது. ஒரு அம்மா, ஃபிரிட்ஜ் குளிரவே மாட்டேங்குது என்றார். "கதவு நல்லா மூடியிருக்காம்மா?" என்று கேட்டார் இவர். "மூடிட்டா உள்ள குளிருதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? நாற்காலி போட்டு எதிர்லயே உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார் அந்த அம்மா. விரல் போய் அழுத்தியது. இன்னொருவர் வாஷிங் மெஷின் நடக்கிறது என்றார். "நேத்து குளியலறையில இருந்துச்சு சார். இன்னைக்குக் காலையில பார்த்தா ஹால்ல நிக்குது. அது பாட்டுக்கு வெளிய போயிட்டா கம்பெனி பொறுப்பா, நான் பொறுப்பா?" வாரம் தவறாமல் பேசுகிற ஒரு ஓய்வு பெற்ற மனிதரும் உண்டு. அவருடைய மெஷினில் ஒரு குறையும் கிடையாது. "எல்லாம் நல்லாத்தான் ஓடுது. இவ்வளவு நல்லா ஓடுறதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு" என்பார். அவரிடம் மட்டும் இவர் பொத்தானை அழுத்துவதில்லை. பேசுவதற்கு வீட்டில் ஆளில்லை என்று தெரியும்.

திட்டுகிறவர்கள் தனி. "உங்க மேல எனக்குக் கோவமே இல்லைங்க, உங்க கம்பெனி மேலதான்" என்று ஆரம்பித்து, அப்புறம் கம்பெனியை விட்டுவிட்டு இவர் வளர்ந்த விதத்துக்கு வந்துவிடுவார்கள். இவர் கேட்டுக்கொள்வார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் விரல் மட்டும் ஓயாது. செய்தித்தாள் மேல் அழுத்தும், சாப்பாட்டு மேசையில் அழுத்தும், மாப்பிள்ளை போனில் அரசியல் பேசினால் தன் முழங்காலிலேயே அழுத்தும். ஒரே மகள் சின்னவளாக இருந்தபோது, அப்பா சோபாவில் ஏதோ பூச்சியைக் கொல்கிறார் என்று நினைத்து எட்டி எட்டிப் பார்த்திருக்கிறாள். மனைவிக்குப் பழகிவிட்டது. தான் எதையாவது சொல்லும்போது அவர் விரல் மேசையில் இறங்கினால், "அழுத்தியாச்சில்ல, இப்ப விடுங்க மூச்சை. நான் இருக்கேன்" என்பார்.

இந்த வேலையில் அவருக்குத் தாங்கவே முடியாத ஒன்று உண்டு. அது திட்டு அல்ல, பாட்டு. விவரம் தேடும்போது வாடிக்கையாளரைக் காத்திருக்க வைத்தால் போனில் ஒரு இசை ஓடும். யாரோ கீபோர்டில் வாசித்தது. படியேறுவதுபோல் ஏறி ஏறி வரும். உச்சிப் படிக்குக் கால் எடுத்து வைக்கிற நேரத்தில், "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்று ஒரு பெண் குரல் குறுக்கே விழும். மறுபடி முதல் படியிலிருந்து. காத்திருந்தவர்கள் திரும்பி வரும்போது போனதைவிட அதிகக் கோபத்தோடு வருவதற்குக் காரணம் காத்திருப்பு இல்லை, முடியாத அந்தப் பாட்டுதான் என்பது அவருடைய தீர்மானம். "தும்மல் வர்ற மாதிரி வந்து வராமப் போனா மனுஷனுக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கும் அவங்களுக்கு" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிப் பார்த்துவிட்டார். "மாமா, பாட்டை மாத்த மேலிடத்துல கேக்கணும்" என்பாள் குழுத் தலைவி. மேலிடம் எந்த மாடியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பாட்டு என்றால் அவருக்கு ஒரே ஒருவர்தான். அது ஆரம்பித்த கதையை அவருடைய பெரியப்பா மகன் சொல்லிக் கேட்க வேண்டும். அந்த அண்ணன் ஒரு இசை மண்டபத்தின் பின்பக்கச் சந்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முந்திய காலம். இவர் டயர் பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டு நிற்கையில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கினது மண்டபத்தின் பின்வாசல். உள்ளே ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தார். மழை விட்டது, இவர் உள்ளேயே நின்றுவிட்டார். "டயரை ஒட்டி வெச்சுட்டு நான் வாசலைப் பாத்துக்கிட்டே இருக்கேன். இவன் பாட்டுக்கு நடந்து வீட்டுக்குப் போயிட்டான். மறுநாள் வந்து சைக்கிள் காணோம்கிறான்" என்பார் அண்ணன்.

அன்றிலிருந்து அந்தப் பாடகி எங்கே பாடினாலும் இவர் கடைசி வரிசை, தூணுக்குப் பக்கத்து நாற்காலி. பாடகியின் மடியில் எப்போதும் கடுகு நிறத்தில் ஒரு பழைய சால்வை கிடக்கும். ஒரு தடவை கூட்டம் கலையும்போது வாசலில் அந்தச் சால்வை இவர் முழங்கையில் உரசிக்கொண்டு போனது. ஓரத்தில் ஒரு கிழிசல். அதைப் பச்சை நூலால் தைத்திருந்தார்கள். வேறு நூல் கிடைக்காமல் அவசரத்தில் தைத்த தையல். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அந்த நூலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். "அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலாம்ல?" என்றார் மனைவி. "பேசி?" என்றார் இவர்.

இவருக்குப் பாட வராது. குளியலறையில் முனகினால் பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவார். கேட்க மட்டும் வரும். ஒரு நல்ல இடம் வந்தால் நாக்கு "ப்ச்" என்று கொட்டிக்கொள்ளும், அடுத்து அடிவயிற்றிலிருந்து ஒரு "ஆஹா" கிளம்பும். கிளம்பும்போதே விரல் முழங்காலில் இறங்கிவிடும். அதோடு சரி, உள்ளேயே அடங்கிப்போகும். முன்வரிசைக்காரர்கள் "பலே" என்றும் "பேஷ்" என்றும் தாராளமாக வாரி இறைப்பார்கள். எத்தனையோ வருஷமாகக் கேட்கிற இவருடைய ஒரு "ஆஹா"கூட மேடைவரைக்கும் போனதில்லை.

நடுவில் பாடகிக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு. வைத்தியம், ஓய்வு, மௌனம் என்று சில வருஷங்கள் போய்விட்டன. இனி பாட மாட்டார் என்றுகூடப் பேச்சு வந்தது. அப்புறம் ஒருநாள், பாடப் போகிறார் என்று சுவரொட்டி. இவர் இரண்டு டிக்கெட் வாங்கினார். ஒன்று சைக்கிள் கடை அண்ணனுக்கு. கச்சேரி அன்று காலையில் அண்ணன் போன் செய்து, முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது, நாற்காலியில் உட்கார முடியாது என்றார். "நீங்க வாங்களேன்" என்று மனைவியைக் கூப்பிட்டார் இவர். "எனக்கு அங்க உக்காந்தா தூக்கம் வரும். பரவாயில்லைன்னா வரேன்" என்றார் மனைவி. சாயந்திரம் அலுவலக வாசலில் வந்து நிற்பதாகப் பேச்சு.

அன்று பகல் சாப்பாடு முடிந்து உட்கார்ந்ததும் வந்தது அந்த அழைப்பு.

"வணக்கம், புகார்ப் பிரிவு. உங்களுக்கு நான் எப்படி உதவ…"

"உதவி எல்லாம் வேண்டாம். கதவைத் திறந்து குடுத்தாப் போதும்."

வயதான பெண் குரல், கரகரவென்று கோபத்தில் இருந்தது. திரையில் வந்தது யாரோ ஒரு ஆணின் பெயர். மகன் பேரில் வாங்கிய மெஷினாக இருக்கும்.

"எந்தக் கதவுங்க மேடம்?"

"வீட்டுக் கதவைத் திறக்கவா உங்களைக் கூப்பிடுவாங்க? மெஷின் கதவு. உள்ள தண்ணி நிக்குது, துணி ஊறுது, கதவு பிடிச்சுக்கிட்டு வர மாட்டேங்குது. காலையிலேருந்து பேசிக்கிட்டே இருக்கேன். ஒரு பொண்ணு நாளைக்கு ஆள் வரும்னு சொல்லிட்டு வெச்சிட்டா. அடுத்து ஒருத்தன் ஒரு பாட்டைப் போட்டுட்டுப் போனான், போனவன் போனவன்தான்."

"ரொம்ப மன்னிக்கணும் மேடம்."

"அது என்ன பாட்டுங்க அது? யாரு போட்டது?"

பொத்தான் பக்கம் போன விரல் பாதி வழியில் நின்றது. "ஏன் மேடம்?"

"முடியவே மாட்டேங்குதே. ஏறி ஏறி வருது, வந்து உக்கார வேண்டிய எடத்துல உக்காராம ஓடிப்போயிடுது. கேக்கிற மனுஷனுக்குக் கிறுக்குப் பிடிக்காதா?"

இத்தனை வருஷத்தில் இதைச் சொன்ன முதல் வாடிக்கையாளர். இவருக்கு எழுந்து நின்று கை குலுக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் திரையில் வரிசையாக நிற்கின்றன. "உள்ள என்ன துணிங்க மேடம்?" என்றார்.

"ஒரு சால்வை. கடுகு நிறம், பழசு. ஓரத்துல பச்சை நூல்ல தைச்சிருக்கும். சாயந்திரத்துக்குள்ள எனக்கு அது வேணும்."

விரல் போய் அழுத்தியது. பெருமூச்சு வரவில்லை. மூச்சே வரவில்லை.

கரகரப்பைத் தள்ளிவிட்டுக் கேட்டால், அந்தக் குரல்தான். மேடையில் கேட்டதற்கும் போனில் திட்டுவதற்கும் நடுவில் ஒரு மெஷின் நிறையத் தண்ணீர் நின்றதால் இத்தனை நேரம் தெரியவில்லை.

"இருக்கீங்களா?" என்றது குரல்.

விரல் மறுபடி அழுத்தியது. "இருக்கேன் மேடம்."

"அது மடியில இல்லாம நான் மேடை ஏறினதில்லை. ஏறவும் மாட்டேன். நாளைக்குத்தான் ஆள் வரும்னா சொல்லிடுங்க. இப்பவே மண்டபத்துக்குப் போன் போட்டு, என்னால ஆகாதுன்னு சொல்லிடறேன்."

பின்னாலிருந்து இன்னொரு பெண் குரல், அழுகைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கத்தில் நின்று பேசியது. "அத்தை, அப்படிச் சொல்லாதீங்க. இத்தனை வருஷம் கழிச்சு மேடை ஏறப் போறீங்க, துணி சுத்தமா இருக்கட்டும்னுதான் போட்டேன்."

"நான் பாடப் போறேனா, சோப்பு விளம்பரத்துல நடிக்கப் போறேனா?"

திரையில் இருக்கிற விடை ஒன்றுதான்: நாளைக்கு ஆள் வருவார். மெஷினைத் திறக்கும் வழியைப் போனில் சொல்லக்கூடாது. ஏதாவது ஆகிவிட்டால் கம்பெனி தலையில் விழும். ஆனால் வழி இவருக்குத் தெரியும். மனைவியின் தம்பி மெஷின் பழுது பார்க்கிறவர். அவர் சொல்லிக் கொடுத்தபடி தன் வீட்டு மெஷினை ஒருநாள் திறந்திருக்கிறார். தட்டு வைக்காமல் திறந்து, படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் செருப்பு மிதந்ததை மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

"ஒரு நிமிஷம்மா" என்றார். மேடம் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது.

"அந்தப் பாட்டைப் போட்டீங்கன்னா வெச்சிடுவேன்."

"போட மாட்டேன்மா. மொதல்ல சுவிட்சை அணைச்சுட்டு, பிளக்கைப் பிடுங்கிடுங்க. மெஷினுக்கு அடியில, வலது பக்கம், ஒரு சின்ன மூடி இருக்கும். பக்கத்துல அகலமா ஒரு தட்டு வைங்க. தட்டு வைக்காம தொடாதீங்க. தெரியாம சொல்லல, பட்டுச் சொல்றேன்."

பாடகியால் குனிய முடியாது. மருமகள் தரையில் படுத்தார். பாடகி போனில் கேட்டு மருமகளுக்குச் சொன்னார். "மூடியைத் திறக்கணுமாம். உள்ள சின்னக் குழாய் இருக்குமாம். அதை இழுத்துத் தட்டுல விடணுமாம். என்னடி, வருதா?" "வருது அத்தை, நூல் மாதிரி வருது." "நூல் மாதிரி வருதாம்" என்றார் போனில். "அப்படித்தான்மா வரும். தட்டு நெறஞ்சா குழாயை மூடிட்டு, ஊத்திட்டு வரணும். தண்ணி முழுசும் வடியணும், அப்புறம்தான் கதவு" என்றார் இவர்.

இனிக் காத்திருக்க வேண்டும். ஆனால் புகார்ப் பிரிவில் மௌனம் குற்றம். இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தால் திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கட்டம் மினுங்கும். கண்ணாடி அறையில் குழுத் தலைவிக்கும் அதே மினுங்கல் தெரியும். பேசிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது அந்தப் பாட்டைப் போட வேண்டும். பாட்டை அவர் போட மாட்டார். பேசலாம் என்றால், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தன் மூச்சு அவர் காதுக்குப் போய்விடக் கூடாதே என்று பொத்தானை ஒரு தடவை அழுத்தி இந்தப் பக்கத்தை அடைத்து வைத்துக்கொண்டார். சிவப்புக் கட்டம் ஒரு தரம் மினுங்கியது.

அப்போது எதிர்முனையில் பாடகி தன்பாட்டுக்கு முனக ஆரம்பித்தார். யாருக்கும் இல்லை, அடுப்பில் பால் வைத்துவிட்டு நிற்கிறவர்கள் முனகுவதுபோல. சாயந்திரத்துக்கு எடுத்து வைத்திருந்த பாட்டாக இருக்க வேண்டும். இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு. தட்டுச் சத்தம், மருமகளின் காலடிச் சத்தம், நடுவில் அந்தக் குரல். எத்தனையோ வருஷம் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்ட குரல் இப்போது காதுக்குள்ளேயே இருந்தது. சிவப்புக் கட்டம் அணைந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும், சத்தம் இருந்தால் சரி.

பாடகியின் முனகல் மெல்ல வேறு பக்கம் திரும்பியது. படியேறுவதுபோல் ஏறி வந்தது. இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பெனிப் பாட்டு. காலையிலிருந்து கேட்டுக் கேட்டு அவர் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. ஒரு தடவை ஏறிப் பார்த்தார், பிடிக்கவில்லை. நடுவில் ஒரு வளைவு கொடுத்து மறுபடி ஏறினார். கீபோர்டு எந்தப் படியில் இடறி விழுமோ அந்தப் படிக்கு வந்தார், நின்றார், அவசரப்படாமல் காலை எடுத்து உச்சியில் வைத்து உட்கார்ந்தார்.

இவர் நாக்கு கொட்டிக்கொண்டது. அடிவயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது. விரல் பழக்கப்படி பாய்ந்து பொத்தானை அழுத்தியது. ஏற்கெனவே அடைத்து வைத்திருந்தது என்பது விரலுக்கு ஞாபகமில்லை. அடைத்தது திறந்துகொண்டது.

"ப்ச்… ஆஹா."

அந்தப் பக்கம் முனகல் நின்றது. "யாரது?"

இந்தப் பக்கம் வியர்த்தது. அழைப்பு பதிவாகிறது. வாடிக்கையாளரோடு சொந்த விஷயம் பேசக்கூடாது என்று சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள். "லைன்ல ஏதோ சத்தம் மேடம்" என்றார்.

"லைன் ஆஹான்னு சொல்லுமா?"

"சில சமயம் சொல்லும் மேடம். பழைய லைன்."

"ஓஹோ."

அதற்குள் மருமகள் கத்தினார். "அத்தை, தண்ணி நின்னுடுச்சு." இவர் உயிர் திரும்பி வந்தவராகி, மூடிக்குப் பக்கத்தில் தொங்குகிற பட்டையைக் கீழே இழுக்கச் சொன்னார். "டக்" என்று சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. கதவு திறந்துகொண்டது.

"அப்பாடா. நல்லா முறுக்கிப் பிழிஞ்சு வெயில்ல போடுடி" என்றார் பாடகி.

"முறுக்காதீங்கம்மா" என்றார் இவர், கொஞ்சம் சத்தமாகவே. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். "முறுக்கினா அந்தப் பச்சைத் தையல் பிச்சுக்கும். பெரிய துண்டுல வெச்சுச் சுருட்டி, மேல அழுத்துங்க. அப்புறம் ஃபேனுக்கு அடியில போடுங்க."

"என்ன தம்பி, சால்வை என்னுதா, உங்களுதா?"

இவர் திரையில் கடைசியாக இருந்ததைப் படித்தார். "வேறு ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

"வேண்டாம். முறுக்கல, போதுமா? அந்தப் பழைய லைனைப் பத்திரமா பாத்துக்கங்க" என்று சொல்லிப் போனை வைத்தார்.

வேலை முடிகிற நேரத்தில் குழுத் தலைவி கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டாள். பதிவைக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். "மாமா, எழுதிக் குடுத்ததைத் தாண்டிட்டீங்க. மெஷினைத் திறக்கச் சொல்லிட்டீங்க. மேடத்தை அம்மாவாக்கிட்டீங்க. நாளைக்குக் காலையில மறுபயிற்சி வகுப்பு, புதுசா சேர்ந்தவங்களோட உக்காரணும். வேற வழியில்ல."

"உக்காந்துடறேன் மேடம்."

"அது சரி. வாடிக்கையாளர் பாடினா என்ன செய்யணும்னு எந்த விதியிலயும் இல்லையே, நான் என்னன்னு மார்க் போட?" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மாமா, அந்தப் பாட்டு அப்படித்தான் முடியணுமா?" என்று கேட்டாள்.

"அப்படித்தான் பாப்பா முடியணும்" என்றார் இவர். அலுவலகத்துக்குள் பாப்பா என்று கூப்பிட்டது அன்றுதான்.

பேருந்தில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி முழுசாகக் கேட்டார். தட்டு வைக்கச் சொன்ன இடத்தில் மட்டும், "அதையாவது உருப்படியாச் சொன்னீங்களே" என்றார். கடைசியில், "அவங்களே உங்ககிட்ட யாருன்னு கேட்டாங்க. நீங்க லைன்ல சத்தம்னா சொன்னீங்க?" என்றார்.

"பதிவாகுதே."

"ஆகட்டுமே. நான் உங்க பாட்டை மழையில நின்னு கேட்டவன்னு பதிவானா என்ன குடி முழுகிடும்?"

விரல் முன் இருக்கையின் கம்பியில் அழுத்தியது. "அழுத்துங்க, நல்லா அழுத்துங்க" என்று மனைவி மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் அவர் சொன்னது முள்ளாக உள்ளே தைத்துவிட்டது. கிடைத்தது ஒரே ஒரு வாய்ப்பு. அதைப் பழைய லைன் மேல் போட்டுத் தப்பித்துவிட்டோமே என்று மண்டபம் வருகிறவரைக்கும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மண்டபம் நிரம்பியிருந்தது. கடைசி வரிசை, தூணுக்குப் பக்கம். திரை விலகியதும் இவர் பாடகியின் முகத்தைப் பார்க்கவில்லை, மடியைத்தான் பார்த்தார். சால்வை இருந்தது. கடுகு நிறம் ஓரங்களில் இன்னும் கறுத்துத் தெரிந்தது. "ஈரம் போகல" என்று மனைவியின் காதில் சொன்னார். "சளி பிடிக்கப் போகுது அவங்களுக்கு" என்றார் மனைவி.

முதல் இரண்டு பாட்டில் பாடகியின் குரல் பயந்து பயந்துதான் வந்தது. முன்வரிசைக்காரர்கள்கூட "பலே"யைக் கஞ்சத்தனமாகத்தான் கொடுத்தார்கள். தூங்குவேன் என்று சொன்ன மனைவி, அந்த அம்மாவுக்காக நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். மூன்றாவது பாட்டு. பகலில் போனில் துண்டு துண்டாகக் கேட்ட அதே பாட்டு. ஏறுகிற இடம் வந்தது. பாடகி கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு படியாக வந்தார். மண்டபமே அந்தத் தொண்டைக்காகப் பயந்து சத்தமில்லாமல் இருந்தது. உச்சிக்கு முந்திய படியில் நின்றார். அவசரப்படாமல் காலை எடுத்து மேலே வைத்து உட்கார்ந்தார்.

இவருடைய நாக்கு கொட்டிக்கொண்டது. விரல் முழங்காலை நோக்கி இறங்கியது.

பாதி வழியில் மனைவியின் கை வந்து அந்தக் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. விடவில்லை. மேடையைப் பார்த்தபடியே, "இப்ப விடுங்க" என்றார்.

"ப்ச்… ஆஹா."

நிசப்தமான மண்டபத்தில் அது தூணில் மோதி முன்வரிசைவரைக்கும் போனது. தலைகள் திரும்பின. மேடையில் பாடகி ஒரு கண்ணை மட்டும் திறந்து தூண் பக்கம் பார்த்தார். பாட்டு நிற்கவில்லை. மடியில் கிடந்த சால்வையின் ஈர நுனியை இரண்டு கையாலும் எடுத்து, முறுக்கிப் பிழியப் போகிறவர் மாதிரி காட்டி, முறுக்காமல் நீவி மடியில் விட்டுவிட்டு, அந்த இடத்தையே இன்னொரு தரம் பாடினார்.